ராவுத்தர் தராத துப்பாக்கி

"நல்லதை எடுத்து உள்ள வெச்சுட்டு இந்தத் துருவை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா ராவுத்தரே?"

ரத்தினசாமி போட்ட சத்தத்தில் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் துணி கிழிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பாலக்காட்டில் மொய்தீன் ராவுத்தரின் துப்பாக்கிக் கடை. வாங்க வந்தவன் எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பொங்கியண்ணன். ரத்தினசாமி வெளியூர்க்காரர், அவனுக்குத் தன் பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். நான் பொங்கியண்ணனின் பக்கத்துத் தோட்டத்துக்காரன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

பொங்கியண்ணன் தேவிகுளத்தில் ஒரு எஸ்டேட் துரைக்கு டிரைவராக இருந்தவன். துரையின் பிஸ்டலில் சுடப் பழகினான். துரை சீமைக்குக் கப்பலேறினார், பிஸ்டலும் கூடவே போய்விட்டது. கோயமுத்தூரில் நடக்கிற போட்டியில் ஜெயித்தால் வேலை தருவதாக ஒரு மில் முதலாளி சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் தன் பெண் கமலாத்தாளைத் தருவதாக ரத்தினசாமி சொல்லியிருந்தார். போட்டிக்கு அவனவன் சொந்தப் பிஸ்டல் கொண்டுவர வேண்டும்.

அலையாய் அலைந்து வாங்கிய லைசென்ஸ் ஒரு பிஸ்டலுக்குத்தான். கடலை விற்ற பணமும் ஒன்றுக்குத்தான் காணும். தப்பானதை வாங்கினால் போட்டி போச்சு, வேலை போச்சு, கமலாத்தாளும் போச்சு.

ரத்தினசாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு நொட்டாங்கை ஆகாது. என் அக்கா மகனுக்கு அந்தப் பெண்ணைப் பேசி முடிக்கிற நேரத்தில், பயல் அவருக்கு இடது கையால் தண்ணீர் ஊற்றிவிட்டான். இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கல்யாணத்துக்காக நான் தைத்த பட்டு ஜிப்பாவை இன்னும் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. இதையெல்லாம் மறக்கிற ஆளில்லை நான்.

சரி, கடைக்கு வருவோம்.

அவன் பணத்துக்குள் அடங்குகிற விலையில் இரண்டு பிஸ்டல்தான் இருந்தது. ஒன்று பளபளவென்று, கைப்பிடியில் கட்டைவிரல் உட்காரத் தனியாகப் பள்ளம் செதுக்கி, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இன்னொன்று பூச்சு உரிந்து, தட்டையான மரப்பிடியோடு, சொறிநாய் மாதிரி இருந்தது.

ராவுத்தர் முதலில் இரண்டையும்தான் மேசையில் வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். ரத்தினசாமியின் டீயில் பாதி அவர் சட்டைக்கே போனது. டீ குடித்து முடிப்பதற்குள் ராவுத்தர் நல்லதை எடுத்து அலமாரிக்குள் பூட்டிவிட்டார். அதிலிருந்துதான் தகராறு.

இரண்டும் ஒரே விலைதானே என்று ரத்தினசாமி கேட்டார். ஆமாம் என்றார் ராவுத்தர். பின்னே என்ன என்று கேட்டால், அது இந்தத் தம்பிக்கு வேண்டாம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"எங்களைப் பாத்தா மாடு மேய்க்கறவங்களாட்டம் தெரியுதுங்களா?"

"மாடு மேய்க்கறவருன்னா பல்லைப் பாத்து வாங்குவாருங்க. நீங்க தோலைப் பாக்கறீங்க."

இப்படியே போனது. வேறு பணக்காரனுக்காகப் பதுக்குகிறான், திருட்டு வியாபாரம் என்று தெருவுக்கே கேட்கும்படி ரத்தினசாமி சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் வாய்க்கு ஒரு ராவுத்தர் கிடைத்தாரே என்று சந்தோஷம் வேறு.

பொங்கியண்ணன் சொறிநாயை வலது கையில், பல்லியின் வாலைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. இவனா ஜெயிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

வெற்றிலை எச்சில் துப்ப ரத்தினசாமி வெளியே போனார். ராவுத்தர் சட்டென்று அலமாரியைத் திறந்து பளபளப்பை எடுத்தார். பொங்கியண்ணனின் இடது கையில் வைத்து அழுத்தினார். செதுக்கிய பள்ளத்தின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியது. அவன் முகம் சுளித்தான்.

"இது சோத்தாங்கைக்காரனுக்குச் செதுக்கினது தம்பி. உங்களுக்கு முள்ளு. அந்த அசிங்கம் எந்தக் கையிலயும் உக்காரும்."

இவன் நொட்டாங்கைக்காரன் என்பது பக்கத்துத் தோட்டத்துக்காரன் எனக்கே அதுவரை தெரியாது. அவன் பயந்துபோய் வாசலைப் பார்த்தான். "உங்களுக்கு எப்படித் தெரியுங்க?"

"டீ கிளாஸ் மேசையிலிருந்து சரிஞ்சுதே, எந்தக் கை பாஞ்சு புடிச்சுது? புடிச்ச உடனே எதுக்கு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சீங்க?"

"மாமனுக்குத் தெரிஞ்சா பொண்ணு இல்லீங்க."

"தெரியுதே. அதான் திருடன்னு பேரு வாங்கிட்டு உக்காந்திருக்கேன்."

ரத்தினசாமி உள்ளே வந்தபோது பளபளப்பு மறுபடி அலமாரியில் இருந்தது. சொறிநாயே போதும் என்று பொங்கியண்ணன் சொல்லிவிட்டான். ஏமாந்த பயல் என்று ரத்தினசாமி அவனைத் திட்டினார். அப்படியானால் எண்ணெய் டப்பாவாவது சும்மா கொடு என்று ராவுத்தரிடம் மல்லுக்கு நின்றார். அவரைக் கிளப்பினால் போதும் என்று ராவுத்தர் டப்பாவை எடுத்து வீசினார்.

டப்பா போனது ரத்தினசாமியின் வலது பக்கம். வலது கை சும்மாத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இடது கை குறுக்கே பாய்ந்து, கொக்கு மீனைக் கவ்வுகிற மாதிரி, டப்பாவைக் கவ்வியது.

ரத்தினசாமி டப்பாவை மெல்ல வலது கைக்கு மாற்றினார். இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

ராவுத்தர்தான் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, உங்களுக்கும் இதே மாதிரி தட்டைப் பிடியா ஒண்ணு எடுத்து வெக்கட்டுங்களா?"