காய்ச்சல் விட்ட காலை

கீழப்பழுவூர் வீட்டுக் கொல்லையில் அண்டாத் தண்ணீர் கொதிக்கிறது. நொச்சித் தழை வாசம் ஆவியோடு மூக்கில் ஏறியதும் ஜெயசுதாவுக்கு ஏழு வயதாகிவிடுகிறது. காய்ச்சல் விட்ட மறுநாள் அவளையும் அண்ணனையும் ஒரே கல்லில் உட்காரவைத்து அம்மா இப்படித்தான் தலைக்கு ஊற்றுவாள். பிறகு மிளகு ரசம், குழைந்த சோறு. அந்தச் சோற்றுக்காகவே காய்ச்சல் வரலாம் என்றிருக்கும். இன்று அதே கல்லில் அண்ணன் இளையபெருமாள் குந்தியிருக்கிறான். டெங்கு என்று ஐந்து நாள் அனலாய்க் காய்ந்த உடம்பு விடிகாலையில் குளிர்ந்துவிட்டது. அம்மா சிரித்த முகமாய்ச் செம்பில் தண்ணீர் மொள்கிறாள். "வவுத்தத்தான் பெசையுது," என்றபடி அவன் சட்டையைக் கழற்றுகிறான். இளவெயிலில் முதுகெங்கும் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். ஜெயசுதா செம்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

"ஊத்தாதம்மா. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"காச்சதான் வுட்டுருச்சேடி."

"வுடுற நாளுலதான் வவுத்துவலி, செவப்புப் புள்ளி வருதான்னு சாக்கிரதையா பாக்கணும்னு ரத்தம் எடுத்த நர்சம்மா சொன்னப்ப நல்லாத் தலைய ஆட்டுன?"

"காலேஜு போன திமிரு."

"ஆமா, திமிருதான். ஆட்டோவுக்குப் போன் போடுறேன்."

எழுந்த அண்ணன் கால் தள்ளாடி அவள் தோளில் சாய்கிறான். அவன் கன்னம் ஈரமாய், சில்லென்று இருக்கிறது. அம்மாவின் முகம் வெளுத்துப்போகிறது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குப் போல அவளே அவனுக்குச் சட்டையை மாட்டிவிடுகிறாள். அவசரத்தில் பொத்தான்கள் மேலும் கீழுமாய் மாறிப்போகின்றன. திட்ட வாயெடுத்த ஜெயசுதா அப்படியே விட்டுவிடுகிறாள்.