ஏழாவது வேட்டு

"அந்த மேஸ்திரிய நேர்ல பாத்தா செருப்பாலயே அடிப்பேன் சார்."

சொன்னது முன்வரிசை டீச்சரம்மா. நூலக அரங்கமே கைதட்டியது.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் துண்டை இழுத்து இடது காதை மூடிக்கொண்டார். பாதி அறுந்த காது.

நாவலில் அவர் பேரை மாற்றியிருந்தான். காதை மாற்றவில்லை.

மேடையில் எழுத்தாளர் முத்தையன் சிரித்தான்.

"இந்தக் கோவந்தாங்க எனக்கு விருது. அந்தாள எழுதத்தான் மூணு வருசம் ஆச்சு. கெட்டவனுக்குள்ள போயிக் குடியிருக்கணும்ல? லேசுல பிடிகுடுக்கல."

மறுபடி கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நீட்டினார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கல் குவாரியில் ஏழு குழிக்கு வெடிமருந்து கிட்டித்தால் ஏழு வேட்டுச் சத்தத்தையும் விரல் மடக்கி எண்ணவேண்டும். ஒன்று குறைந்தாலும் பள்ளத்தில் ஆளை இறக்கக்கூடாது. வெடிக்காதது உள்ளேயே கிடக்கும்.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அவர் மேஸ்திரியாக இருந்தபோது ஒருநாள் எண்ணியவன் முத்தையன். காலேஜ் லீவுக்குக் கல்லுடைக்க வந்திருந்தான். எதிர்ப்பாறையில் மோதித் திரும்பிய சத்தத்தையும் சேர்த்து மடக்கிவிட்டான்.

"ஏழு, மேஸ்திரி!"

அவர் ஆளை இறக்கினார்.

முதலில் இறங்கியது காளியம்மா. அவள் கடப்பாரை போட்ட இடத்தில் ஏழாவது வேட்டு கிடந்தது.

தூக்க ஓடியவருக்குக் காது போனது. அவளுக்கு எல்லாம் போனது.

தாயில்லாத அவர் மகளுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள்.

அன்று சாயங்காலம் முத்தையன் அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. படிக்கிறவன். உள்ளே போனால் அதோடு சரி. எண்ணினது நான்தான் என்று ஸ்டேஷனில் சொன்னார். கோர்ட்டிலும் அதையே சொன்னார்.

ஒன்றரை வருசம் ஜெயில்.

மகள் அஞ்சலை அதைப் பொறுத்துக்கொண்டாள். எண்ணிக்கை தப்பிப்போச்சு, மனுசன் வேணும்னா செய்வான் என்று.

நாவலில் மேஸ்திரிக்கு ஆறுதான் வெடித்தது என்று தெரியும். லாரி காத்து நிற்கிறதே என்று ஆளை இறக்குகிறான்.

அஞ்சலை அதைப் படித்து இரண்டு மாதமாகிறது. நடந்ததை அன்றே சொல்லிப் பார்த்தார்.

"அப்பக் கோர்ட்ல ஏன் ஒம் பேரச் சொன்ன?"

அதோடு வாயை மூடியவள்தான். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கூட்டம் முடிந்து கையெழுத்துக்கு வரிசை நின்றது. அவரும் நின்றார். அக்குளில் மகளின் புத்தகம்.

முத்தையன் தலை நிமிராமல் கை நீட்டினான்.

"பேரு?"

"அஞ்சலை."

பேனா நின்றது. நிமிர்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தான்.

"ஏழுன்னு எண்ணினது யாருன்னு அதுல எழுதுப்பா. ஊருக்கு வேணாம். எம்புள்ளைக்கு மட்டும்."

பின்னால் டீச்சரம்மா. அவளுக்கும் பின்னால் முப்பது பேர்.

முத்தையன் குனிந்து எழுதினான். மூடி, இரண்டு கையாலும் கொடுத்தான்.

"ஒடம்பப் பாத்துக்கங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தைத் திறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்.

மேலே ஒரு வார்த்தை. அது மகள் பேராக இருக்கும். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒரு கிறுக்கல்.

விரலை மடக்கினார். மறுபடி முதலிலிருந்து மடக்கினார்.

படிச்சவன். நாலு வரியை ஒரே வார்த்தையில் அடக்கவும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அஞ்சலை வாசலில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்தபடியே நீட்டினார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

படித்தாள்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அது திறந்தது.

"'அன்புடன்'னு போட்ட இந்தக் கையெழுத்த வாங்கத்தான் போனியா?"