ஒரு சீன வாக்கியம்

மறுபடியும் வாத்து.

அவள் மைக் படத்தை அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னாள். ஃபோன் கொஞ்சம் யோசித்தது. சீன எழுத்துகள் வரிசையாக விழுந்தன. கீழே தமிழ் வந்தது.

‘மழையில் வாத்துக்குக் கல்யாணம்.’

“சனியனே” என்றாள் ஃபோனைப் பார்த்து.

கம்பெனி பஸ் ஒரகடம் திருப்பத்தில் திரும்பியது. சற்று நேரத்தில் கேட் வந்துவிடும். கேட்டில் ஃபோனை வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள். ஷிப்ட் முடிகிறவரை ஃபோன் கிடையாது.

இன்றைக்குச் சீன இன்ஜினியர் லைனுக்கு வருகிறார்.

எங்கே தப்புகிறது என்று தெரியவில்லை. ஃபோனில் இருக்கும் பெண் அதைச் சொல்லும்போது குரல் ஓரிடத்தில் படி ஏறுகிறது, ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது. அவளும் ஏறினாள், விழுந்தாள். பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்து, முறைத்துவிட்டு மறுபடி தூங்கினாள்.

கேட் தெரிந்தது.

கடைசியாக ஒரு தடவை.

‘மூன்றாவது பிரஸ்ஸில் சென்சார் மேல் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.’

வாத்து இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஃபோனை லாக்கரில் கொடுத்தாள்.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் அது. நிறுத்திக்கொண்டே இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று யாரோ டேப் ஒட்டினார்கள். போன மாதம் நிரோஷாவின் விரல்கள் போயின. இன்ஜினியர் விசாரித்தபோது, பக்கத்தில் இருந்த இவள்தான் பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். மொழிபெயர்க்க வந்த எட்வின் சார் அதை நாலு வார்த்தையில் சீனத்தில் முடித்தார். இன்ஜினியர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்.

அன்றைக்குத்தான் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது நிரோஷாவின் இடத்தில் ஒரு புதுப் பெண். அவள் கை உள்ளே போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது.

டீ பிரேக் முடிந்ததும் இன்ஜினியர் வந்தார். பின்னால் எட்வின் சார்.

அவள் எழுந்து எதிரே போய் நின்றாள். தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு. அடையாள அட்டை கோட்டுக்குள்ளே. எல்லோரையும் போலக் கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னாள்.

இன்ஜினியர் நின்றுவிட்டார். மெஷினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

எட்வின் சாரிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லத்தான் கற்றுக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அவர்களும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைக்கவே இல்லை.

எட்வின் சார் சின்னதாக ஏதோ சொன்னார். இன்ஜினியர் நடந்துவிட்டார்.

“பாத்துக்கலாம்னு சொல்றாரும்மா. போய் வேலையப் பாரு.”

அவள் நம்பவில்லை.

ஆனால் இரண்டு பேர் சொன்னதும் காதில் அப்படியே இருந்தது. வாத்துகளோடு மல்லுக்கட்டிய காது அல்லவா? ஏறிய இடம், விழுந்த இடம் எல்லாம் இருந்தன. வாய்க்குள் போட்டு உருட்ட ஆரம்பித்தாள். என்னடி ஆச்சு என்று கேட்டவர்களுக்கு, அப்புறம் என்று கையைக் காட்டினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சேர்த்து விழுங்கிவிடுவோமோ என்று பயம்.

பெல் அடித்தது. ஓடினாள்.

லாக்கர். ஃபோன். மைக்.

முதலில் இன்ஜினியர் கேட்டதைச் சொன்னாள்.

‘இவள் பெயர் என்ன?’

அடுத்து எட்வின் சார் சொன்னது.

‘தெரியாது.’

பஸ் ஏறும் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது.

தெரியாதா?

லைனில் எல்லோரும் அவளைப் பாதிப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். மாஸ்க்கோடு பார்த்தாலும் அடையாளம் கண்டு, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறவர் எட்வின் சார் ஒருவர்தான்.

இந்தக் கம்பெனியில் மேலிடம் பெயர் கேட்ட ஆட்கள் மறுநாள் பஸ்ஸில் இருப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். இத்தனை நாள் அவரை மனதுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

சீட்டில் போய் உட்கார்ந்தாள். தப்பித்தாயிற்று. நாளைக்கும் இந்த பஸ் உண்டு, இந்த சீட் உண்டு.

டேப்பை யாரும் பிரிக்கவில்லை. பெல் அடித்தபோது பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

எதற்காகப் பெயர் கேட்டார்? விரட்டவா, விசாரிக்கவா? ஃபோன் அதை எழுதவில்லை. கேட்டுச் சொல்ல எட்வின் சாரை விட்டால் ஆள் இல்லை. அவர் சொல்ல மாட்டார்.

புதுப் பெண் முன் சீட்டில் உட்கார்ந்து, வலித்த விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நாளைக்கும் இன்ஜினியர் வருவார்.

ஃபோனை வாயருகே கொண்டுபோய், ‘என் பெயர்’ என்று தமிழில் சொன்னாள். ஃபோனில் இருக்கும் பெண் அதைச் சீனத்தில் சொன்னாள். சின்னதுதான். சீக்கிரமே வந்துவிட்டது.

தன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஃபோன் திணறியது.

‘என் பெயர் கடுகு வண்டி.’

மறுபடியும் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரி முறைத்தாள். முறைக்கட்டும். இந்தத் தடவை நிறுத்தி, நிதானமாக, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

மங்கையர்க்கரசி.