பிறந்த காம்பரா

ஹட்டனில் மூன்று கடைகளுக்கு முதலாளியும் எட்டுச் சங்கங்களுக்குத் தலைவருமான சிவலோகநாதன், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஓர் ஒற்றையறைக் காம்பராவின் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் காம்பராவுலதான் நான் பொறந்தேன். மழை பேஞ்சா ஒழுகும். எங்கம்மா சட்டி வச்சுப் புடிப்பாங்க."

அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலின் அட்டைக்காக, கூட வந்தவர் படமெடுத்தார்.

"இப்பவும் ஒழுகுதுங்கய்யா" என்றாள் அங்கே குடியிருந்த ராக்காயி. "பெருமழைக்கு முந்தித் தகரம் மாத்தணும். அடுப்பெல்லாம் நனைஞ்சு போவுது."

"நான் பொறந்த வீடு ஒழுகலாமா தங்கச்சி? நாளைக்கே தகரம் வரும்." கண்ணைத் துடைத்தபடி காரில் ஏறினார்.

சொன்னபடியே மறுநாள் தகரம் வந்து இறங்கியது. ராக்காயி மகிழ்ச்சியோடு சட்டிகளை எல்லாம் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். ஆனால் அவள் புருஷன் வீரய்யா தகரங்களைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த காம்பராவின் கூரையில் ஏறினான்.

"என்னாங்க, ஒழுகுறது நம்ம காம்பரா."

"அது ஒழுகட்டும் புள்ள. நாம இனி இதுல இருந்துக்குவோம்."

"அப்ப அது எதுக்கு?"

வீரய்யா ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"போன மாசம் அங்க பொறந்தவரு தண்ணி டேங்கி குடுத்தாரு. அதுக்கு முந்திப் பொறந்தவரு டீவி குடுத்தாரு. பளபளன்னு கூரை போட்டுட்டா, ஞாயித்துக்கிழமை வர்ற பேக்கரி முதலாளி எங்க போய்ப் பொறப்பாரு?"