மக்டலீன் மாமியின் கைச்சாப்பாடு

கிட்ட வந்து இருங்கோ, என்ர குஞ்சுகள். போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கேளுங்கோ. சின்னக் கதைதான், ஆனால் நித்திரை வரப்பண்ணுற கதை இல்லை.

கதவைத் திறந்தவுடன் மக்டலீன் மாமி முதலில் பார்த்தது கிளிபோட்டின் முகத்தை அல்ல. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்றுதான்.

"கெதியா உள்ள வா. சனம் பார்க்கப் போகுது."

டொரொண்டோக்காரர் பேஸ்போலில் இரண்டாம் தரமும் கோப்பை தூக்கின அடுத்த வசந்தம் அது. டொரொண்டோவின் மல்வேர்ன் பக்கத்தில் அந்த மாடிக் கட்டடத்துக்குள், ஆட்டத்தின் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் நம்மட ஆட்களெல்லாம் அந்த அணியின் நீலத் தொப்பி போட்டுத் திரிந்த காலம். அப்படியிருக்க, மாமியின் தமையன் மகன் கிளிபோட், மன்னாரிலிருந்து அவள் கூட்டிவந்து வளர்த்த பெடியன், எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், ஒரு சின்ன அணியில் சம்பளத்துக்குப் பந்தெறியப் போனான் என்றால் சும்மாவா?

இப்போது பையோடு திரும்பி வந்து நிற்கிறான்.

பயிற்சி முகாமில் எல்லாரிடமும் சிறுநீர் வாங்கிப் பார்த்தார்களாம். இவனுடையதில் தசை வளர்க்கிற மருந்து இருந்ததாம். சீசன் முழுக்கத் தடை.

"தூ" என்றாள் மாமி. "ஊசி போட்டோடா பந்தெறிஞ்சனி?"

"நான் ஒண்டும் எடுக்கேல்லை மாமி. ஐ ஸ்வேர்."

"எடுக்காமல், ஆகாயத்தால வந்து இறங்கினதோ?"

நாளை மத்தியானத்துக்குள், அது எதிலிருந்து உடம்புக்குள் போனது என்று காட்டினால் திரும்ப விசாரிப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காட்டாவிட்டால் ஒப்பந்தமும் போய்விடும்.

கிளிபோட் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தான். பற்பசை, நோவெண்ணெய், இருமல் மருந்து, விற்றமின் போத்தல்.

மாமியின் புருசன் சீமோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பொடி எழுத்தை வாசித்தார். அந்த மருந்தின் நீளமான பெயரைக் கிளிபோட் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்க, சீமோனும் செபமாலை சொல்வதுபோல அதையே முணுமுணுத்துக்கொண்டு தேடினார்.

ஒன்றிலும் இல்லை.

மாமி கையைக் கட்டிக்கொண்டு மூக்கால் சிரித்தாள். "நல்லா நடிக்கிறாய். பந்தை விட்டிட்டு நாடகத்துக்குப் போ."

மன்னாரிலிருந்து வரும்போது ஈர்க்கு மாதிரி வந்தவன் கிளிபோட். "என்ன மக்டலீன், தமையன்ர பிள்ளைக்குச் சோறு போடுறேல்லையோ?" என்று கோயிலில் ஒவ்வொருத்தியும் கேட்டாள். போன குளிர்காலத்தில்தான் அந்த வாயெல்லாம் அடங்கியது. பெடியன் தோளும் மார்புமாக எழும்பி நின்றான். பூசை முடிந்த வாசலில் மாமி நிமிர்ந்து நின்று சொன்னாள்: எல்லாம் என்ர கைச்சாப்பாடு.

இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? ஊசிக்காரன். குடும்பத்துக்கே கரி பூசின நாய்.

மேசையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கிளிபோட் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"குறை நினையாதேங்கோ மாமி. வின்ரர் முழுக்க நான் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டனான். அதில வேற ஏதும்..."

அவன் முடிக்கவில்லை. சீமோன் எழும்பிவிட்டார். "டேய்! சோறு போட்ட மனிசியைப் பார்த்தோ கேக்கிறாய்?"

"சொறி மாமி, மன்னியுங்கோ."

"கேக்கட்டும், கேக்கட்டும். தன்ர ஊத்தையை என்ர சட்டியில பூசட்டும்" என்று சொல்லிக்கொண்டு மாமி குசினிக்குள் போனாள்.

அரிசிமாப் பேணிக்குப் பின்னால் கை விட்டாள். ஒரு சின்னப் போத்தல்.

கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியிடம் சொல்லி எடுப்பித்தது. உடம்பு வைக்கிற குளிசை. மெலிந்த பிள்ளைக்கென்று கேட்டால் அங்கே மருந்துக்கடையில் எடுத்துத் தருவார்கள். அவள் அறிய எத்தனையோ தாய்மார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கரண்டியால் நசுக்கி அவன் பாலில் கரைத்துக் கொடுத்தாள். சொன்னால் குடிக்கமாட்டான் என்று சொல்லவில்லை. அவ்வளவு பாசம்.

போத்தலை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எழுத்துக் கூட்டினாள். சீமோன் முணுமுணுத்த அதே பெயர்.

"நாளைக்கு ஒண்டும் காட்டாட்டி?" என்று வெளியே சீமோன் கேட்பது கேட்டது.

"முடிஞ்சுது மாமா. பிறகு ஒரு பேஸ்போல் ரீமும் என்னை எடுக்காது."

போத்தலைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தால் போதும். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. மாமிக்குக் கோயில் வாசல் தெரிந்தது. அதில் நிற்கிற பெண்டுகளின் வாய் தெரிந்தது.

மீன் செதிலும் குடலும் கிடந்த குப்பைப் பைக்குள் போத்தலை அமுக்கினாள். பையை இறுக்கிக் கட்டினாள். தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கிளிபோட் கதிரையை விட்டு எழும்பினான். கண் சிவந்திருந்தது.

"தாங்கோ மாமி, நான் போடுறன்."

மாமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பையை நீட்டினாள்.

"உந்த வேலையையாவது ஒழுங்காச் செய்."

அவன் நடைபாதைக் கோடிக்குப் போய், குப்பை போடுகிற குழாயின் மூடியைத் திறந்து, பையைக் கீழே விட்டான். விழுந்த சத்தம் கேட்கும் வரைக்கும் நின்று மூடியைச் சாத்திவிட்டு வந்தான்.

உங்கட வீடுகளில பாலும் சோறும் வற்றாமல் இருக்கட்டும், என்ர செல்லங்கள். "நான் செய்யேல்லை" எண்டு ஒரு பிள்ளை அழுதால், ஓம் ராசா எண்டு நம்புறதுக்கு ஒரு மனுசராவது அந்த வீட்டில இருக்கட்டும்.