மேரி அக்கா கடை வழியாக

"அந்தக் கடைக்காரரு நம்மள நல்லா ஏமாத்திட்டாரு, பேட்ரிசியா."

மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்து டவுனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெஸ்மண்ட் இப்படி ஆரம்பித்தான்.

"விடுங்க லா. ஏறணும்னு வந்தோம், ஏறிட்டோம்."

"எப்படி விடுறது? நாலரை மணி நேரம் நடக்க விட்டாரே."

இருவருக்கும் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டெஸ்மண்ட் சுங்கை பட்டாணியில் பேங்க் கிளார்க். வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலை தெரியும். தினமும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு நாள் ஏறிவிடலாமே என்று சொன்னது பேட்ரிசியாதான்.

ஆனால் எந்தப் பக்கமாக ஏறுவது? புத்தகக் கடைகளில் வரைபடம் இல்லை. யாரைக் கேட்டாலும் கையைத் தூக்கி மலையைக் காட்டினார்கள். பாதையைக் காட்ட ஆளில்லை. கடைசியில் பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா பழனியாண்டிதான் ஒரு பெயர் சொன்னார்.

"அடிவாரத்துல குழந்தைவேலு மளிகைக் கடைன்னு கேளுங்க. மலைக்குப் போறவங்க எல்லாம் அவருகிட்டதான் வழி கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையில் நின்றார்கள். குழந்தைவேலு பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ரப்பர் தோட்டத்துக்குள்ள போங்க தம்பி. லைன் வீடுங்களத் தாண்டினா லூர்து மேரி அக்கா தேத்தண்ணிக் கடை வரும். அங்க ஒரு தே குடிச்சிட்டு, கடைக்குப் பின்னாடி போற பாதையப் பிடிங்க."

"வேற வழி ஏதும் இருக்காண்ணே?"

"இல்ல. அது ஒண்ணுதான். எறங்கும்போதும் அதே வழியா வாங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் சொன்னபடியே போனார்கள். மேரி அக்கா தே கலக்கிக்கொண்டே, எந்த ஊர், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். டெஸ்மண்டின் கண் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சீனிப் பையின் மேல் போனது. அதில் குழந்தைவேலு கடைப் பெயர் இருந்தது.

அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உச்சியில் கூலிமிலிருந்து வந்த சீன வாத்தியார் ஒருவரைச் சந்தித்த பிறகுதான் தோன்றியது. அவர் இரண்டரை மணி நேரத்தில் மேலே வந்திருந்தார்.

"அருவிப் பக்கமா குறுக்கு வழி இருக்கே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அவரோடு சேர்ந்து குறுக்கு வழியிலேயே இறங்கினார்கள். செங்குத்தான பாதை. இரண்டு இடத்தில் வேரைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்க வேண்டியிருந்தது. ஆனாலும் மூன்று மணிக்கெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டார்கள். வாத்தியார் தன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனார்.

"புரியுதா?" என்றான் டெஸ்மண்ட், மீ கோரெங் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு. "அந்த அக்கா கடையில எல்லாம் இவரு கடை சரக்கு. போகும்போது ஒரு தே, வரும்போது ஒரு தே. இதுக்காக ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் சுத்த விடுறாரு."

பஸ் ஆறு மணிக்கு. அதுவரை பாசார் கடைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். ஐந்தரைக்கு, பேட்ரிசியா தடுத்தும் கேட்காமல், டெஸ்மண்ட் மளிகைக் கடைக்குள் நுழைந்தான்.

"அண்ணே, அருவிப் பக்கமா ஒரு வழி இருக்காமே?"

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். "இருக்கு."

"காலைல இல்லன்னீங்களே?"

அவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றினார்.

"உங்க சரக்கு விக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாம். நாங்களே ரெண்டு தே வாங்கிக் குடிச்சிருப்போம். வழி கேட்டு வந்தவங்ககிட்ட பொய் சொல்றது நல்லாவா இருக்கு?"

குழந்தைவேலு அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நீங்க அந்த வழியாவா எறங்கினீங்க?"

"ஆமா."

"மேரி அக்கா கடைப் பக்கம் போகவே இல்லையா?"

"எதுக்குப் போகணும்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கல்லாவைக்கூடப் பூட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

"பாத்தியா?" டெஸ்மண்ட் சிரித்தான். "பதில் இல்ல. அதான் ஓட்டம்."

பின்கட்டிலிருந்து அவர் மனைவி உமையாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கடையத் தொறந்து போட்டுட்டு எங்க போனாரு?"

பேட்ரிசியா தயக்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள். உமையாள் கேட்டுவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்தக் குறுக்கு வழில ஒரு வீடு வாசல் கெடையாதுமா. கால் ஒடிஞ்சு கெடந்தாக்கூட யாருக்கும் தெரியாது. அதான் கேக்கிறவங்ககிட்ட எல்லாம் வழியே இல்லன்னு சொல்லிடுவாரு."

"மேரி அக்கா கடை வழியா போனா மட்டும்?" என்றான் டெஸ்மண்ட்.

"அக்கா போற தலைய எண்ணும், வர்ற தலைய எண்ணும். நாலு மணிக்கு ஒரு தலை கொறஞ்சாலும் கடையச் சாத்திட்டு, தோட்டத்துல பால் வெட்டுற ஆளுங்களக் கூட்டிக்கிட்டு மலையேறிடும்."

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. உமையாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்களத் தேடிப் போனவங்கள எறக்கத்தான் அவரு ஓடியிருக்காரு, தம்பி."