சாயங்கால வண்டி

"இன்னிக்கு அந்தக் கிழவரை ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

ஜெனீன் சைக்கிளை வேகமாக மிதித்தாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பண்ணைகளுக்கு நடுவே ஓடிய ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பெயர்த்து, அதை சைக்கிள் பாதையாக்கிப் பல வருஷமாகிறது. பாதையைக் கவனித்துக்கொள்ளும் தொண்டர்களில் அவளும் ஒருத்தி.

கிழவர் ஹார்லன் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பாதை அவர் பண்ணையை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ரயில் போனதும் அந்த நிலம் தனக்குத்தான் என்று கோர்ட் படியேறித் தோற்றவர். அந்த வயிற்றெரிச்சலில், தினமும் சாயங்காலம் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி ஹாரனை அலறவிடுகிறார். நேற்று ஒரு பெண் மிரண்டு விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது.

இன்றும் டிராக்டர் நின்றிருந்தது. அவர் ஹாரனில் கை வைப்பதற்குள் ஜெனீன் சாவியை உருவிவிட்டாள்.

"சாவியைக் குடும்மா."

"கோர்ட்ல தோத்த கோபத்தை வழியில போறவங்ககிட்ட காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்கு. குடு, இருட்டப் போவுது."

"இருட்டட்டும். ஷெரிஃப்கிட்ட வந்து வாங்கிக்குங்க!"

அவர் பாதைக்கு அந்தப்புறமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாட்டுக்கொட்டகை வாசலில், தூறலில், காலி வாளியோடு ஒரு வயதான அம்மாள் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"யாரு அது?"

"எட்னா. என் பொண்டாட்டி. மாடுங்களை வித்தது அவளுக்கு மனசுல நிக்கல. பால் கறக்கன்னு போயிடறா."

"நனையறாங்களே! போய்க் கூட்டிட்டு வாங்க."

"இழுத்தா அலறுவா. இன்னும் ரயில் ஓடுதுன்னு நெனப்பு. வண்டி ஊதிட்டுப் போகாம லைனைத் தாண்ட மாட்டா. ஊதிட்டா அக்கம்பக்கம் பாக்காம வருவா. அதான் சைக்கிள் எதுவும் மோதிடாம டிராக்டரைக் குறுக்க நிறுத்தறேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா ஹோம்ல சேர்க்கச் சொல்வீங்க. அங்க நான் இல்லாம செத்துடுவா."

ஜெனீன் சாவியை நீட்டினாள்.

ரெண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். பழைய ரயில் ஊதுவது போலவே ஊதினார் ஹார்லன்.

எட்னா சற்று நேரம் காத்திருந்தாள், ஒரு ரயில் கடந்துபோகும் நேரம். பிறகு மெல்ல நடந்து வந்தாள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஜெனீனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு வண்டி ரொம்ப லேட்டு, இல்ல?"

"ஆமாம்மா," என்றாள் ஜெனீன். "என்னாலதான் லேட்டு."